கெமர் கோயில்களும் கற்சிற்பங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்போடியாவின் கெமர் மக்கள் சியம் ரீப் நகரை ஒட்டி எழுப்பிய அங்கோர் கோயில்களுக்குக் கிளம்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. சூரிய உதயப் படத்துக்கு எந்தக் குளத்தங்கரையில் நிற்பது என்று ஊரெல்லாம் எழுதியாயிற்று. இங்கே கவனம் முழுக்கச் சுவர்கள் மேல்.

கெமர் கோயில் என்றால் அங்கோர் வாட்தானே?

இருப்பதில் பெரியது அது. ஆனால் 1992 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள அங்கோர் தொல்லியல் வளாகம் மட்டுமே சுமார் 400 சதுர கிலோமீட்டர். அதற்குள் ரோலுவோஸ் பகுதியின் 9-ஆம் நூற்றாண்டுக் கோயில்கள், பாந்தே ஸ்ரெய், பாயோன், தா ப்ரோம், ப்ரேயா கான் எல்லாம் அடக்கம். வளாகத்துக்கு வெளியே சம்போர் ப்ரேய் குக், கோ கெர், ப்ரேயா விஹார் இருக்கின்றன. தாய்லாந்தில் பீமாய், பனோம் ருங், லாவோஸில் வாட் பூ ஆகியவையும் கெமர் கோயில்களே. முதல்முறை போகிறவர்களுக்கு சியம் ரீப்பைச் சுற்றியிருப்பதே போதும், மிச்சம் கூட வைக்கும்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? டிக்கெட் எவ்வளவு?

ஒரு நாள் 37, மூன்று நாள் 62, ஏழு நாள் 72 அமெரிக்க டாலர். 2017 பிப்ரவரியில் வந்த கட்டணம் இது. மூன்று நாள் டிக்கெட்டைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டியதில்லை, 10 நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். ஏழு நாள் டிக்கெட்டுக்கு ஒரு மாதம் அவகாசம். டிக்கெட்டில் உங்கள் புகைப்படம் இருக்கும், ஆகவே இன்னொருவர் டிக்கெட்டில் நுழைய முடியாது. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை, வயதைக் காட்டப் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

சிற்பம் பார்க்கப் போகிறவர் மூன்று நாள் டிக்கெட்டை எடுப்பதே சரி. ஒரே நாளில் ஆறு கோயில் என்று சுற்றுலாக்காரர்கள் போடும் பட்டியலில் மாட்டிக்கொண்டால், மாலையில் நினைவிருப்பது படிக்கட்டுகளும் வியர்வையும்தான். ஒரு நாளைக்கு இரண்டு கோயில், கூடிப்போனால் மூன்று. என்னைக் கேட்டால் அங்கோர் வாட்டின் சுவர்களுக்கு மட்டுமே இரண்டு தடவை போக வேண்டும்.

எந்த மாதம் போகலாம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழை இல்லை, வெயிலும் தாங்கும், கூட்டம்தான் அதிகம். ஏப்ரலில் நம் ஊர்க் கத்திரி வெயில் போலத்தான். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம் என்றாலும் நாள் முழுக்கப் பெய்வதில்லை. மழை விட்டதும் நனைந்த மணற்கல்லின் நிறம் ஆழமாகிச் செதுக்குகள் எடுப்பாகத் தெரியும். குடையைப் பொருட்படுத்தாதவர்களுக்கு அது நல்ல காலம்.

சிற்பங்களைப் பார்க்க எந்த நேரம் நல்லது?

இதை யோசிக்காமல் போகிறவர்கள்தான் அதிகம். புடைப்புச் சிற்பத்துக்குப் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும். உச்சி வெயிலில் பெரும்பாலான சுவர்கள் தட்டையாகிவிடும்.

அங்கோர் வாட் மேற்கு பார்த்த கோயில். அதன் கீழ்த்தளச் சுற்று மண்டபத்தில் உள்பக்கம் சுவர், வெளிப்பக்கம் தூண்கள். சுவரில் வெயில் நேரே விழும்போது தூண்களின் நிழல் கோடு கோடாகக் குறுக்கே படியும். அதனால் வெளிச்சம் நன்றாக இருந்தும் வெயில் சுவரைத் தொடாத பொழுதுதான் தோது: மேற்குச் சுவருக்கு முற்பகல், கிழக்குச் சுவருக்குப் பிற்பகல். பொன்னிற ஒளியில் படம் வேண்டும் என்றால் இதையே தலைகீழாக்கிக்கொள்ளுங்கள்.

சூரிய உதயத்துக்காக விடியற்காலை 5 மணிக்கே கோயிலைத் திறக்கிறார்கள். உதயம் முடிந்ததும் கூட்டத்தில் பெரும்பகுதி காலை உணவுக்கு விடுதி திரும்பிவிடும். அப்போது நீங்கள் மண்டபத்துக்குள் போங்கள்.

பாந்தே ஸ்ரெய் கிழக்கு பார்த்தது, காலையில் முகப்புகள் சிவந்து தெரியும். பாயோனின் வெளிச்சுற்று மண்டபத்துக்குக் கூரை விழுந்துவிட்டதால் வானத்து வெளிச்சம் நேராக இறங்கும், காலையில் சற்றுத் தாமதமாகப் போனாலும் குறையில்லை.

அங்கோர் வாட் சுவர்களை எங்கிருந்து தொடங்கிப் பார்ப்பது?

மேற்கு வாயிலில் நுழைந்து கீழ்த்தள மண்டபத்தில் வலப்பக்கம், அதாவது தெற்கே திரும்புங்கள். சுவர் உங்கள் இடக்கைப் பக்கம் வரும். நாம் கோயிலைச் சுற்றும் முறைக்கு இது நேரெதிர். சிற்பங்களின் வரிசை இப்படி அப்பிரதட்சிணமாக ஓடுவதையும், கோயில் மேற்கு நோக்கி இருப்பதையும் வைத்து, கட்டிய மன்னன் இரண்டாம் சூரியவர்மனின் ஈமக் கோயிலாகவும் இது இருந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். 12-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் திருமாலுக்கு எடுத்த கோயில் இது.

முதலில் வருவது குருக்ஷேத்திரம். இடப்பக்கத்திலிருந்து கௌரவர் சேனையும் வலப்பக்கத்திலிருந்து பாண்டவர் சேனையும் வந்து நடுவில் மோதுகின்றன. ஓரங்களில் வீரர்கள் ஒழுங்காக அணிவகுத்து நடக்கிறார்கள். நடுவை நெருங்க நெருங்க அந்த ஒழுங்கு குலைந்து கைகால்கள் பின்னிக்கொள்கின்றன. சண்டை எங்கே உச்சம் என்று யாரும் சொல்ல வேண்டாம், கண் தானாகப் போய் நிற்கும். அம்புப் படுக்கையில் பீஷ்மர் மேல்வரிசையில் கிடக்கிறார். அர்ஜுனனுக்குத் தேரோட்டும் கண்ணனுக்கு நான்கு கைகள், அதை வைத்து அடையாளம் காணலாம்.

தென்மேற்கு மூலையில் ஓர் இருட்டு மண்டபம் வரும். பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுவார்கள், நீங்கள் போகாதீர்கள். வாலி மாண்டு கிடக்க, தாரை அவனைத் தாங்கியிருக்க, சுற்றிலும் வரிசை வரிசையாகக் குரங்குகள் அழும் காட்சி அங்கே இருக்கிறது. ஒவ்வொரு குரங்கின் முகத்திலும் துக்கம் வேறுவேறு. இந்தக் கோயிலிலேயே எனக்கு மிகப் பிடித்த சுவர் அதுதான். சின்ன டார்ச் ஒன்றைப் பக்கவாட்டில் பிடித்தால் நன்றாகத் தெரியும்.

தெற்குச் சுவரின் முதற்பாதியில் சூரியவர்மனே படைத்தலைவர்களோடு ஊர்வலம் போகிறான். ஒவ்வொருவருக்கும் எத்தனை குடை பிடிக்கிறார்கள் என்று எண்ணினால் அவரவர் தகுதி புரியும், மன்னனுக்கே அதிகக் குடை. மறுபாதியில் 37 சொர்க்கங்கள், 32 நரகங்கள். எமனும் சித்திரகுப்தனும் தீர்ப்புச் சொல்ல, கீழ்வரிசையில் தண்டனைகள் நடக்கின்றன. குழந்தைகள் நகர மறுக்கும் இடம் இது.

கிழக்குச் சுவரின் தென்பாதியில் பாற்கடல் கடையும் காட்சி, 49 மீட்டர் நீளம். இடப்பக்கம் 92 அசுரர்கள், வலப்பக்கம் 88 தேவர்கள், நடுவில் திருமால், அவருக்குக் கீழே மந்தர மலையைத் தாங்கும் ஆமை. அசுரருக்கு உருண்டைக் கண், கொண்டை வைத்த தலைக்கவசம். தேவருக்குக் கூம்புக் கிரீடம். கீழே கடலில் நீந்தும் மீன்களையும் முதலைகளையும் கவனியுங்கள். மத்து சுழலும் நடுப்பகுதிக்கு அருகே போகப் போக அவை துண்டு துண்டாக அறுபட்டுக் கிடக்கின்றன. கடலின் வேகத்தைக் காட்ட அந்தச் சிற்பி கண்ட வழி அது.

அதற்கடுத்த கிழக்கு வடபாதியும் வடக்குச் சுவரின் கிழக்குப் பாதியும் 16-ஆம் நூற்றாண்டில் செதுக்கியவை. கை மாறியது உடனே தெரியும், உருவங்களில் பழைய விறுவிறுப்பு இல்லை. அங்கே வேகமாக நடந்து, கடைசியில் மேற்குச் சுவரின் வடபாதிக்கு நேரத்தைச் சேர்த்து வையுங்கள். அது இலங்கைப் போர். அனுமன் தோளில் இராமன் நிற்க, பின்னால் இலக்குவனும் வீடணனும். சிங்கங்கள் பூட்டிய தேரில் இருபது கையோடு இராவணன். இடைவெளி எல்லாம் குரங்குகள், கடித்தும் பிறாண்டியும்.

சுவரெங்கும் நிற்கும் பெண்கள் அப்சரஸ்களா?

பறப்பதும் ஆடுவதுமாக இருப்பவர்கள் அப்சரஸ்கள். பூவைப் பிடித்தபடி நேராக நிற்பவர்களைத் தேவதைகள் என்பது ஆய்வாளர் வழக்கு. அங்கோர் வாட்டில் நிற்கும் தேவதைகள் மட்டும் 1,700-க்கு மேல். கொண்டை, நகை, புடவைக்கட்டு எதுவும் அச்சடித்ததுபோல் திரும்ப வருவதில்லை. பத்துப் பேரை ஒப்பிட்டுப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது. எல்லோரும் உதடு மூடியே சிரிக்க, மேற்கு நுழைவாயிலின் உட்புறத்தில் ஒருத்தி மட்டும் பல் தெரியச் சிரிக்கிறாள்.

பாந்தே ஸ்ரெய் அவ்வளவு தூரம் போகத் தகுந்ததா?

சியம் ரீப்பிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அங்கோர் வாட்டுக்கு அடுத்து ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் தயங்காமல் இதைச் சொல்வேன். 967-இல் குடமுழுக்குக் கண்ட சிவன் கோயில். எடுத்தவர் மன்னர் அல்லர், யக்ஞவராகர் என்ற அரசகுரு. கோயில் சிறியது, கருவறை வாசலில் குனிந்துதான் நுழைய முடியும். இளஞ்சிவப்பு மணற்கல்லில், மரத்தில் செதுக்கியதுபோல ஆழமாகக் குடைந்திருக்கிறார்கள்.

தெற்கு நூலகம் என்று அழைக்கப்படும் கட்டடத்தின் கிழக்கு முகப்பில் இராவணன் கயிலையை அசைக்கிறான். மலைப்படிகளில் முனிவர்களும் விலங்குமுகக் கணங்களும் பதறுகிறார்கள், உமை இறைவனைப் பற்றிக்கொள்கிறாள், அவர் கால்விரலை ஊன்றுகிறார். மேற்கு முகப்பில் காமன் அம்பு தொடுக்கிறான். வடக்கு நூலகத்தின் கிழக்கு முகப்பில் காண்டவ வனத்தின் மேல் இந்திரன் மழை பொழிவிக்கிறான். கல்லில் மழையைச் சாய்கோடுகளாக இழைத்திருக்கிறார்கள், அதற்குக் கீழே அம்புகளாலான கூரை மழையைத் தடுக்கிறது. மேற்கில் கண்ணன் கம்சனைக் கொல்கிறான்.

உள்சுற்றுக்குக் கயிறு கட்டியிருப்பார்கள், மிக அருகில் போக முடியாது. சிறிய தொலைநோக்கி ஒன்று இருந்தால் நல்லது. 

அங்கே காரைக்கால் அம்மையார் இருக்கிறார் என்பது உண்மையா?

உண்மை. பாந்தே ஸ்ரெய்யின் கிழக்கு வாயில் முகப்பு ஒன்றில் பத்துக் கைகளோடு சிவன் ஆட, அவர் காலருகே எலும்பும் தோலுமாக, வற்றிய மார்போடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவரைக் காரைக்கால் அம்மையார் என்றே அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். வேறு சில கெமர் கோயில்களிலும் ஆடும் சிவனோடு இந்த உருவம் வருகிறது. பேய் வடிவம் கேட்டு வாங்கிய நம் அம்மையார் கடல் கடந்து 10-ஆம் நூற்றாண்டிலேயே கெமர் சிற்பியின் உளிக்கு வந்துவிட்டார். கைடுகள் பலர் இதைக் காட்டுவதில்லை, நீங்களே தேடிக்கொள்ள வேண்டும்.

அங்கோர் வாட்டைக் கட்டியது தமிழ் மன்னன் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

இல்லை. இரண்டாம் சூரியவர்மன் கெமர் அரசன். கட்டியவர்களும் கெமர் மக்களே, அங்குள்ள கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய கெமரிலும் இருக்கின்றன. 'வர்மன்' என்று பெயர் முடிந்தால் பல்லவர் என்று சொல்லிவிட முடியாது.

மெய்யான தொடர்புகளே வேண்டிய அளவு இருக்கின்றன. கெமர் எழுத்து பல்லவர் காலத் தென்னிந்திய எழுத்தின் வழிவந்தது. முதலாம் ராஜேந்திரனின் நட்பை நாடிக் காம்போஜ மன்னன் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. முதலாம் குலோத்துங்கனுக்குக் காம்போஜ அரசன் காட்டிய ஒரு கல்லைப் பற்றிச் சிதம்பரம் கல்வெட்டு ஒன்று பேசுகிறது. அம்மையாரும் இருக்கிறார். இதற்கு மேல் உரிமை கொண்டாடுவது அந்தச் சிற்பிகளுக்குச் செய்யும் அவமரியாதை.

பாயோனில் முகங்களைத் தவிர என்ன பார்ப்பது?

சாதாரண மனிதர்களை. ஏழாம் ஜெயவர்மன் (1181-இல் முடிசூடியவன்) மகாயான பௌத்தன். அவன் எழுப்பிய இந்தக் கோயிலின் கோபுர முகங்களுக்குக் கீழே, வெளிச்சுற்றுச் சுவரில், அக்காலத்து அன்றாட வாழ்க்கை ஓடுகிறது. கிழக்கு வாயிலில் நுழைந்து இடப்பக்கம் திரும்புங்கள். முதலில் படை கிளம்புகிறது, யானைகள், மாட்டுவண்டிகள், சாமான் சுமக்கும் குடும்பங்கள். அந்தக் கூட்டத்தில் ஓர் ஆமை முன்னால் போகிறவரின் பின்புறத்தைக் கவ்வுவதைத் தேடிப் பிடியுங்கள்.

தெற்குச் சுவரில், இன்றைய மத்திய வியட்நாமில் இருந்த சாம்பா நாட்டாரோடு நடந்த படகுப் போர். சாம் வீரர்களுக்குக் கவிழ்த்த பூப்போன்ற தலைக்கவசம், கெமர் வீரர்களுக்கு வெறும் தலை. தண்ணீரில் விழுந்தவர்களை முதலைகள் காத்திருந்து பிடிக்கின்றன. மரங்களுக்கிடையே மீன் நீந்துகிறதே என்று குழம்ப வேண்டாம், மழைக்காலத்தில் தொன்லே சாப் ஏரி காட்டுக்குள் ஏறிவிடும், அப்போது மீன்கள் உண்மையிலேயே மரங்களுக்கிடையேதான் திரியும். போருக்குக் கீழ்வரிசையில் சேவற்சண்டை, சந்தை, பிரசவம், பேன் பார்ப்பது, சமையல். அங்கோர் வாட்டின் நுணுக்கம் இங்கே இல்லை, செதுக்கு ஆழம், உருவங்கள் முரடு. ஆனால் ஒரு பேரரசின் அடுப்படியைப் பார்க்க வேறு இடம் கிடையாது.

இவ்வளவு நுணுக்கமாக எப்படிச் செதுக்கினார்கள்?

கல் ஒரு காரணம். நம் கருங்கல்லை விட மணற்கல் மென்மையானது. குலேன் மலையடிவாரத்தில், 30 கிலோமீட்டருக்கும் அப்பால் வெட்டி, கால்வாய் வழியே கொண்டுவந்தார்கள். கற்களில் தெரியும் வட்டத் துளைகள் அவற்றைத் தூக்கி நகர்த்தப் போட்டவை. சுண்ணாம்புச் சாந்து இல்லாமல், கல்லோடு கல்லைத் தேய்த்துப் பொருத்தினார்கள். சுவரை எழுப்பிய பிறகுதான் சிற்பியின் வேலை. அதனால்தான் கற்களின் இணைப்புக் கோடு ஒரு முகத்தின் நடுவிலும் ஓடும். உள்ளே மறையும் அடித்தளங்களுக்குச் செம்புரைக்கல். தா கேவ் கோயில் பாதியில் நின்றுபோனது, அதன் மொட்டைச் சுவர்களைப் பார்த்தால் சிற்பி வருவதற்கு முன் ஒரு கெமர் கோயில் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

ஒரு கோயில் பழையதா புதியதா என்று பார்த்தே சொல்ல முடியுமா?

ஓரளவு. வாசலுக்கு மேல் கிடக்கும் உத்தரக் கல்லைப் பாருங்கள். கெமர் கோயில்களின் கால வரிசையைக் கட்டியெழுப்ப ஆய்வாளர்களுக்கு அதன் அலங்காரம் பெரிதும் உதவியது. ரோலுவோஸ் பகுதியின் ப்ரேயா கோ கோயிலில் (879) உள்ளவை எனக்குத் தெரிந்த உத்தரங்களிலேயே அழகானவை: நடுவில் காலா என்ற பூத முகம், இருபுறமும் வளையும் மாலை, இலைகளுக்குள் குட்டிக் குதிரைவீரர்கள், நாகங்கள். ப்ராசாத் கிரவானையும் (921) பாருங்கள். அங்கே செங்கல் சுவரிலேயே உலகளந்த திருமாலைச் செதுக்கியிருக்கிறார்கள். கருவறைக்குள் போய்ப் பாருங்கள், வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது.

தா ப்ரோம்?

மரவேர்கள்தான் அங்கே பிரசித்தம். ஏழாம் ஜெயவர்மன் 1186-இல் தாய் நினைவாக எடுத்த கோயில். இந்தியத் தொல்லியல் துறை அங்கே கம்போடியாவோடு சேர்ந்து சீரமைப்புப் பணி செய்கிறது. ஒரு சுவரில் டைனோசர் இருப்பதாகக் காட்டுவார்கள். அந்த விலங்கின் முதுகுக்குப் பின்னால் தகடுகள்போல் தெரிவது வெறும் இலையலங்காரம்.

பல சிலைகளுக்குத் தலையே இல்லையே?

திருட்டு. 1923-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே மால்ரோ பாந்தே ஸ்ரெய்யின் தேவதைகளை அறுத்தெடுத்துப் பிடிபட்டார். அவர்தான் பின்னாளில் பிரான்சின் பண்பாட்டு அமைச்சர்! 1970-களில் தொடங்கிய உள்நாட்டுப் போர்க்காலம் அதைவிடக் கொடியது. கோ கெர் பகுதியின் ப்ராசாத் சென் கோயிலில் நின்ற துரியோதனனையும் பீமனையும் கணுக்காலோடு வெட்டிக் கடத்தினார்கள். பீடத்தில் விட்டுப்போன பாதங்களே சாட்சியாக நின்றன. 2014-இல் அமெரிக்காவிலிருந்து இரண்டும் திரும்பின, புனோம் பென் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனால் தவறவிடாதீர்கள்.

எல்லாச் சிதைவும் திருட்டு இல்லை. ஏழாம் ஜெயவர்மனுக்குப் பின் சைவம் தலைதூக்கியபோது ப்ரேயா கான், தா ப்ரோம் சுவர்களில் புத்தர் உருவங்களைக் கொத்தி எடுத்தார்கள், சிலவற்றை முனிவர்களாக்கினார்கள். மாடங்களில் உற்றுப் பார்த்தால் உளித்தடம் தெரியும்.

கைடு வேண்டுமா?

அங்கோர் வாட்டுக்கும் பாயோனுக்கும் அரசு உரிமம் பெற்றவரை ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். இராமாயண, பாரதக் கதைகள் உங்களுக்கே தெரியும், ஆகவே படமெடுக்கும் இடங்களைத் தவிர்த்துச் சுவர்களுக்கு அழைத்துப் போகும்படி முன்பே சொல்லிவிடுங்கள். அவர்கள் சொல்லும் ரியாம்கேர், அதாவது கெமர் இராமாயணம், கம்பனிலிருந்தும் வால்மீகியிலிருந்தும் விலகும் இடங்களைக் கேட்பது தனிச் சுவை.

உடை, நடத்தை விதிகள்?

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். இவை இன்றும் பிக்குகள் வழிபடும் இடங்கள். சிற்பத்தைத் தொடக் கூடாது. அங்கோர் வாட் மண்டபத்தில் சில உருவங்கள் கறுத்துப் பளபளப்பது தலைமுறை தலைமுறையாகக் கை பட்டதால்தான். அனுமதியின்றி டிரோன் விடக் கூடாது.

வயதானவர்கள், குழந்தைகள்?

பாந்தே ஸ்ரெய் முழுக்கச் சமதரை, முதியவர்களுக்கு மிக எளிது. அங்கோர் வாட்டின் கீழ்த்தள மண்டபமும் சிரமமில்லை. உச்சித் தளத்துக்குச் செங்குத்துப் படிகள், 12 வயதுக்குட்பட்டவர்களை விடமாட்டார்கள், பௌத்தப் புனித நாட்களில் யாருக்குமே அனுமதி இல்லை. சிற்பங்கள் பெரும்பாலும் கீழே இருப்பதால் ஏறாவிட்டாலும் நஷ்டம் குறைவு.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

சியம் ரீப்பில் இந்திய உணவகங்கள் உண்டு. உள்ளூர்க் கடையில் காய்கறிக் குழம்பு என்று வாங்கினாலும் மீன் சாறோ, புளிக்கவைத்த மீன் விழுதான ப்ராஹொக்கோ சேர்ந்திருக்கும். கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.

எப்படிப் போவது?

சென்னையிலிருந்து பாங்காக், கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூரில் மாறிப் போகலாம். 2023 அக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல், விடுதிக்குப் போகும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். உள்ளூரில் டுக்-டுக் போதும்.

அங்கோரைப் பார்த்தாயிற்று, அடுத்து?

சம்போர் ப்ரேய் குக் (7-ஆம் நூற்றாண்டு): எண்கோணச் செங்கல் கோயில்கள், சுவரில் செதுக்கிய பறக்கும் மாளிகைகள். கோ கெர்: 36 மீட்டர் உயரப் படிப் பிரமிடு. பாந்தே ச்மார்: பல கைகளோடு நிற்கும் அவலோகிதேஸ்வரர் என்ற போதிசத்துவர், கூட்டமே இல்லாத சுவர்கள். ப்ரேயா விஹார் மலையுச்சிக் கோயில் அற்புதம்தான், ஆனால் தாய்லாந்து எல்லையில் 2025-இல் சண்டை நடந்த இடம். அதற்கும் பாந்தே ச்மாருக்கும் கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தை விசாரியுங்கள்.

சிற்பம் ஏதாவது வாங்கி வரலாமா?

புதிதாகச் செதுக்கியதை வாங்குங்கள். ஆர்ட்டிசான்ஸ் அங்கோர் பட்டறையில் இளைஞர்கள் மணற்கல்லில் வேலை செய்வதைக் கட்டணமின்றிப் பார்க்கலாம், அங்கேயே கடையும் உண்டு. 'பழையது சார், காட்டில் கிடைத்தது' என்று யாராவது காட்டினால் விலகிவிடுங்கள், தொல்பொருளை வெளியே கொண்டுபோவது குற்றம். வாங்கும்போது விமானத்தில் உங்களுக்கு எத்தனை கிலோ அனுமதி என்பது நினைவிருக்கட்டும், ஒரு சாண் உயரத் தேவதைகூடக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் கனம் தெரியும்.